மக்கு யார்?

மக்கு! மூன்றே எழுத்து. எறிபவனுக்கு இலேசான கல். படுபவனுக்கோ ஆறாத புண். விடை தெரியாது விழிக்கும் சிறுவன்மீது வந்து விழுகிறது அச்சொல். மாலைக்குள் அது அவன் பெயராகிவிடுகிறது. ஆண்டு முடிவதற்குள் அதுவே அவன் இயல்பு என்று ஊர் நம்பிவிடுகிறது. இன்னும் சில ஆண்டுகள் சென்றால், அந்தோ, அவனே நம்பிவிடுகிறான்!

கோபத்தில் வீசிய சொல், கோபம் தணிந்தால் மறையவும் கூடும். ஆனால் அதே சொல், ஆராய்ச்சி என்னும் ஆடை உடுத்தி, எண் என்னும் மகுடம் சூடி, அரசாங்கத்தின் முத்திரையும் பெற்று வந்தால், அதனை எவர் எதிர்ப்பார்? எந்தத் தாய் வாதாடுவாள்? எந்தத் தந்தை மறுப்பார்?

அப்படி ஒரு காலம் இருந்தது. பாரிசு நகரிலே பரிவோடு பிறந்த ஓர் அளவுகோல், அட்லாண்டிக் கடலைக் கடந்ததும் அடிக்கும் கோலாக மாறிய கதை அது. பள்ளிப் பிள்ளைகளைப் பெயரிட்டுப் பிரிக்கும் உரிமை எவருக்கு உண்டு, எதற்காக உண்டு என்ற கேள்விக்கு விடை காண விழைவோர் அந்த வரலாற்றை அறிதல் வேண்டும். நாள்தோறும் நாற்பது முகங்களின் முன் நிற்கும் ஆசிரியனுக்கு அது ஏட்டு வரலாறு மட்டுமன்று, எச்சரிக்கையுங்கூட.

திறந்த கதவும் எழுந்த கேள்வியும்

பிரெஞ்சு நாடு 1881இல் தொடக்கப் பள்ளிகளில் கட்டணத்தை ஒழித்தது. 1882இல், ஆறு வயது முதல் பதின்மூன்று வயது வரை எல்லாப் பிள்ளைகளும் கல்வி பெற்றே ஆகவேண்டும் என்று சட்டம் செய்தது. சீமான் வீட்டுச் செல்வனுக்கு மட்டும் திறந்திருந்த கதவு, உழவன் மகனுக்கும் ஆலைத் தொழிலாளியின் மகளுக்கும் திறந்தது. வரவேற்கத்தக்க புரட்சி!

அந்தப் புரட்சியின் பின்னே ஒரு புதிய கேள்வியும் வந்து நின்றது. எல்லோரும் வந்துவிட்டனர், ஆனால் எல்லோரும் ஒரே வேகத்தில் நடக்கவில்லையே! அதற்கு முன்பு 'பின்தங்கிய மாணவன்' என்றொருவன் பெரும்பாலும் இல்லை. பள்ளிக்கே வராதவன் பள்ளியில் பின்தங்குவது எப்படி? அனைவருக்கும் ஒரே பாடம், ஒரே மணி, ஒரே தேர்வு என்று வந்தபிறகே, அந்த அச்சில் அடங்காத பிள்ளை கண்ணுக்குத் தெரிந்தான். குறை முழுவதும் பிள்ளையிடமா, கூறு பாதி அச்சினிடமா? அன்று இதைக் கேட்டவர் சிலரே.

1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழுவை அமைத்தது. லியோன் பூர்ஷ்வா அதன் தலைவர். உளநூல் அறிஞர் ஆல்பிரட் பினே உறுப்பினருள் ஒருவர். முறையான ஆய்வு செய்யாமல் எந்தப் பிள்ளையையும் பொது வகுப்பிலிருந்து நீக்கித் தனிப்பள்ளிக்கு அனுப்பலாகாது என்பது அக்குழுவின் முடிவு. இதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆய்வு என்பது பிள்ளையை வெளியேற்றப் பிறந்ததன்று. காரணமின்றி வெளியேற்றப்படாமல் காக்கப் பிறந்தது!

ஆனால் எப்படி ஆய்வது? அந்நாளைய மருத்துவர்கள் மனவளர்ச்சிக் குறைவுக்குப் பல பெயர்களும் படிகளும் வைத்திருந்தனர். ஒரே பிள்ளைக்கு வெவ்வேறு மருத்துவமனைகள் தந்த சான்றுகளை ஒப்பிட்டார் பினே. ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை! ஓரிடத்தில் ஒரு பெயர், இன்னோரிடத்தில் வேறு பெயர். பிள்ளை அதே பிள்ளை. எழுதிய கை மட்டுமே வேறு.

மண்டையை அளந்தவர் மனம் மாறினார்

1857இல் பிறந்த பினே, தவறான வழிகளிலும் நடந்து பார்த்தவர். இளமையில் புகழ்பெற்ற மருத்துவர் சார்கோவிடம் பணியாற்றி, காந்தத்தின் ஆற்றலால் மனத்தை மாற்றலாம் என்று எழுதி, பின்னர் அது பிழையென்று ஒப்புக்கொண்டவர். மண்டையின் அளவிலே அறிவின் அளவு தெரியும் என்னும் அந்நாளைய நம்பிக்கையையும் சோதித்தார். மாணவர் தலைகளை அளந்தார். கெட்டிக்காரன் என்று ஆசிரியர் சொன்னவன் தலைக்கும், மந்தன் என்று சொன்னவன் தலைக்கும் இருந்த வேறுபாடு மிகச் சிறிது. அளக்கும் கை, தான் எதிர்பார்த்த விடையின் பக்கம் தன்னை அறியாமலே சாயக்கூடும் என்பதையும் உணர்ந்தார். அளவுக் கருவியைக் கீழே வைத்தார்.

தன் கையையே ஐயுற்ற அந்த நேர்மையிலிருந்துதான் புதிய முறை பிறந்தது. 1905இல் தியோடர் சிமோன் என்னும் இளம் மருத்துவரோடு சேர்ந்து, முப்பது சிறு சோதனைகளை எளிதிலிருந்து கடினம் நோக்கி அடுக்கினார். எரியும் தீக்குச்சியை அசைத்தால் கண் அதனைப் பின்தொடர்கிறதா என்பது முதற் படி. இரண்டு கோடுகளில் நீளமானது எது, மூன்று எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல முடியுமா, படத்தில் உள்ள பொருள்களின் பெயர் என்ன என்று வளர்ந்து, இரண்டு கருத்துச் சொற்களுக்கு இடையே உள்ள நுண்ணிய வேறுபாட்டை விளக்குவது வரை சென்றது அந்த ஏணி. 1908இல் சோதனைகளை வயது வாரியாகப் பிரித்தார். எந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் எதனைச் செய்கின்றனர் என்று கண்டு, ஒரு பிள்ளை எந்த வயதின் நிலையில் நிற்கிறான் என்று குறித்தார்.

நிற்கும் இடத்தைக் குறித்தாரே ஒழிய, நடக்கும் எல்லையைக் குறிக்கவில்லை. இது பிறவி அறிவின் அளவு அன்று, இன்றைய நிலையின் அளவே என்றார். தொல்லை தரும் பிள்ளைகளைத் தொலைத்துவிட இதுவே தருணம் என்று சில ஆசிரியர்கள் கருதக்கூடும் என்று அஞ்சினார். அறிவு என்பது பிறப்பிலேயே நிறுத்து வைத்த சரக்கு, கூட்டவே முடியாது என்போரை 1909இல் வெளியிட்ட நூலில் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்ததோடு நின்றாரா? கவனமே நில்லாத பிள்ளைகளுக்குச் சிலைபோல அசையாது நிற்கும் விளையாட்டைக் கற்பித்து, அவர்கள் நிற்கும் நேரம் வளர்வதைக் காட்டினார். மனத்துக்கும் உடற்பயிற்சி உண்டு, பயிற்சிக்குப் பயன் உண்டு என்பதே அவர் கொள்கை. 1909 ஏப்ரலில் சிறப்பு வகுப்புகளுக்கான சட்டமும் வந்தது. 1911இல் பினே மறைந்தார்.

அவர் மறைந்தார், அளவுகோல் எஞ்சியது, எச்சரிக்கை மட்டும் எஞ்சவில்லை.

கடல் கடந்தது, கருணை இழந்தது

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், வைன்லாந்து என்னும் ஊரில் மனவளர்ச்சி குன்றியோர்க்கான பள்ளி ஒன்று இருந்தது. அதன் ஆராய்ச்சித் தலைவர் ஹென்றி கோடார்டு. 1908இல் ஐரோப்பா சென்ற அவர், பினேயின் சோதனைகளைக் கண்டு, கொண்டுவந்து, மொழிபெயர்த்துப் பரப்பினார். எட்டு முதல் பன்னிரண்டு வரை மனவயது உடைய பெரியவர்களுக்கு 1910இல் ஒரு புதுப்பெயரும் படைத்தார். 'மோரான்' என்பது அது. மூடன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து செய்யப்பட்டது. ஆராய்ச்சிச் சொல்லாகப் பிறந்த அது, பின்னாளில் தெருச்சண்டையின் வசைச்சொல்லாயிற்று.

கோடார்டின் கொள்கை, பினேயின் கொள்கைக்கு நேர் எதிர். அறிவுக் குறைவு பரம்பரை வழியாக வருவது, மாற்ற முடியாதது, அத்தகையோர் பிள்ளை பெறாமல் தடுக்கப்படவேண்டியவர் என்றார். நியூயார்க்குத் துறைமுகத்தின் எல்லிசுத் தீவில், கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளிடம் 1913இல் அவருடைய உதவியாளர்கள் சோதனை நடத்தினர். அலைக்கழிந்து வந்தவர்கள், ஆங்கிலம் அறியாதவர்கள், எழுதுகோல் பிடித்தறியாதவர்கள் பலர். 1917இல் முடிவு வெளியாயிற்று. சோதிக்கப்பட்ட யூதர், அங்கேரியர், இத்தாலியர், இரசியர் ஆகியோரில் நூற்றுக்கு எண்பது பேரளவில் மனவளர்ச்சி குன்றியோராம்! கோல் தவறோ என்று முதலில் ஐயுறவேண்டிய முடிவு. ஆனால் மக்களையன்றோ ஐயுற்றனர்!

இதற்கிடையே 1912இல் செருமானிய அறிஞர் வில்லியம் இசுடெர்ன், மனவயதை உண்மை வயதால் வகுத்து ஓர் ஈவு காட்டினார். 1916இல் இசுடான்போர்டுப் பல்கலைக்கழகத்தின் லூயிசு டெர்மன் அதனை நூறால் பெருக்கும் முறையைப் புகழ்பெறச் செய்தார். அதுவே அறிவு ஈவு. ஒரு மனிதன், ஓர் எண்! எவ்வளவு எளிது, எவ்வளவு கொடிது! பிறப்பை வைத்து அறிவை விதித்த கொடுமையைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட நமக்கு, அந்த எண்ணின் பின்னே ஒளிந்திருந்த முகம் புதியதா என்ன?

கோடார்டு 1928இல் தம் முடிவுகளில் முக்கியமானவற்றை மாற்றிக்கொண்டார். அத்தகையோரைப் பயிற்றலாம், அடைத்து வைக்க வேண்டியதில்லை என்றார். ஆனால் அதற்குள் சட்டம் கத்தியை எடுத்துவிட்டது.

'மூன்றாம் தலைமுறை'யின் மதிப்பெண்

வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்னும் இளம்பெண் இருந்தாள். வறுமையில் பிறந்து, வேறொரு குடும்பத்தில் வளர்ந்து, ஆறாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, அவ்வீட்டு வேலைகளைச் செய்துவந்தவள். மணமாகாமலே கருவுற்றாள். அக்குடும்பத்தின் உறவினன் ஒருவனால் கெடுக்கப்பட்டதாகப் பின்னாளில் அவளே கூறினாள். குற்றவாளிக்குத் தண்டனை இல்லை. அவளுக்கு மட்டும் பட்டம் கிடைத்தது. 'மனவளர்ச்சி குன்றியவள்' என்று முத்திரையிட்டு 1924இல் அவளை அரசு விடுதிக்கு அனுப்பினர். அவள் தாய் எம்மா ஏற்கெனவே அங்கே இருந்தாள். கேரியின் குழந்தை விவியனுக்கோ அப்போது ஏழெட்டு மாதமே. அந்தப் பச்சிளங் குழந்தையைப் பார்த்த சமூகப் பணிப்பெண் ஒருத்தி, அதன் பார்வையிலே ஏதோ இயல்பாக இல்லை என்று சாட்சி சொன்னாள்!

போதுமே! பாட்டி, தாய், குழந்தை, ஆக மூன்று தலைமுறை என்று கணக்கிட்டனர். 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, கேரிக்கு வலிந்து கருத்தடை அறுவை செய்வது சட்டப்படி சரியே என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் சாதாரணர் அல்லர்; பேரறிஞர் என்று போற்றப்பட்ட ஆலிவர் வெண்டல் ஓம்சு. மூன்று தலைமுறை போதும் என்ற பொருளில் அவர் எழுதிய வாக்கியம், அந்நீதிமன்றத்தின் வரலாற்றில் அழியாத கறை.

அந்த 'மூன்றாம் தலைமுறை' என்ன ஆயிற்று? விவியன் வளர்ந்தாள், பள்ளிக்குப் போனாள். 1931இல் சிறந்த மாணவர் பட்டியலில் அவள் பெயர் இடம்பெற்றது! ஆம் தோழர்களே, நாட்டின் தலையாய நீதிமன்றம் அறிவற்றவள் என்று உலகறிய உரைத்த பெண், ஒரு சிற்றூர் ஆசிரியரின் ஏட்டிலே நல்ல மாணவி. 1932இல், எட்டு வயதில், நோயுற்று அவள் இறந்தாள். தீர்ப்பைத் திருத்த அவளுக்கு ஆயுள் இல்லை. ஆனால் அவளுடைய மதிப்பெண் ஏடு இன்றும் அத்தீர்ப்பை மறுத்து நிற்கிறது.

கேட்ட மொழி வேறு, பேசிய மொழி வேறு

அறுவைக் கத்தி ஓய்ந்த பின்னும் வகுப்பறைக் கோடு ஓயவில்லை. கலிபோர்னியாவில் 'கற்பிக்கத்தக்க மனவளர்ச்சி குன்றியோர்' என்ற பெயரில் தனி வகுப்புகள் இருந்தன. அறிவு ஈவு குறைந்தால் அங்கே அனுப்புவர். உள்ளே போவது எளிது. வெளியே வருவது அரிது.

1970இல் ஒன்பது மெக்சிகோ வழிவந்த பிள்ளைகளுக்காக வழக்குத் தொடுக்கப்பட்டது. தயானா என்பது முதற் பிள்ளைக்கு வழக்கில் வழங்கிய பெயர். வீட்டில் இசுபானிய மொழி பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மந்தர் என்று தள்ளியிருந்தனர். இருமொழியும் அறிந்த ஒருவர் மீண்டும் சோதித்தபோது, சராசரியாகப் பதினைந்து புள்ளி உயர்ந்தது. பெரும்பாலோர் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டனர். ஒரே நாளில் அறிவு வளர்ந்ததா? இல்லை. கேட்டவர் மொழி மாறியது. பிள்ளை வாய் திறந்தது! தாய்மொழியின் அருமை பேசுவோர் நினைவில் வைக்கத்தக்க சான்று இது.

மறு ஆண்டு, 1971இல், சான்பிரான்சிசுகோவில் கறுப்பினப் பிள்ளைகள் அறுவரின் சார்பில் இன்னொரு வழக்கு எழுந்தது. 'லாரி பி.' என்ற புனைபெயரால் வரலாற்றில் நிற்பது அது. 1968-69ஆம் கல்வியாண்டில் அம்மாநில மாணவரில் கறுப்பினத்தார் நூற்றுக்கு 9. அந்தத் தனி வகுப்புகளிலோ நூற்றுக்கு 27! நீதிபதி இராபர்ட் பெக்காம் 1979இல் தீர்ப்பளித்தார். அந்த வகுப்புகளுக்குக் கறுப்பினப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க அறிவு ஈவுச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தார்.

தீர்ப்பில் ஒரு செய்தி உண்டு. முன்னாளில் சோதனை அமைத்தோர், ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இடையே மதிப்பெண் வேறுபட்டபோது, குறை வினாவில்தான் என்று கருதி, அவ்வகை வினாக்களை நீக்கிச் சமன் செய்தனர். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே வேறுபட்டபோதோ, குறை பிள்ளையில்தான் என்று விட்டுவிட்டனர்! எங்கே ஐயுறவேண்டும் என்பதைக்கூட ஆதிக்கமே முடிவு செய்தது.

இத்தகைய வழக்குகள் வீண்போகவில்லை. 1975இல் அமெரிக்கப் பேரவை இயற்றிய சட்டம், குறையுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு செலவில் தக்க கல்வி உண்டு என்றது. பிள்ளையை அவன் மொழியிலே சோதிக்கவேண்டும் என்றது. ஒரே ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது என்றது. பினே சொன்ன எச்சரிக்கை, எழுபது ஆண்டுகள் சுற்றி அலைந்து சட்டமாயிற்று!

பெயரே வேண்டாமா?

இங்கே நண்பர்கள் சிலர் கேட்கலாம்: 'இத்துணைக் கேடு விளைத்த பெயர்கள் எதற்கு? எல்லாவற்றையும் கிழித்தெறிந்துவிட்டால் என்ன?'

எறியலாகாது. காரணம் இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கூரிய அறிவுடையவன்; கணக்கு வரும்; எண்களைப் படிப்பான். எழுத்தைக் கண்டால் மட்டும் திணறுவான்; பல ஆண்டு கற்பித்தும் எளிய சொற்களையே பிழையாக எழுதுவான். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதல்வன் என்று அவனுடைய ஆசிரியரே கருதினார். மருத்துவர் அதற்குப் பிறவிச் 'சொற்குருடு' என்று பெயரிட்டார். இன்று டிசுலெக்சியா என்று வழங்குகிறோம்.

அப்பெயர் செய்தது என்ன? 'சோம்பேறி' என்ற பழியையும் 'மக்கு' என்ற வசையையும் விலக்கி, வேறு வழியில் கற்பியுங்கள் என்று பள்ளியை நோக்கிச் சொன்னது. பெயர் இல்லாவிடில் பிள்ளை விடுதலை பெறமாட்டான், பிரம்புதான் பெறுவான். நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகக் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. பெயர் கிடைத்ததால் உரிமை கேட்க வழி கிடைத்தது.

ஆகவே சிக்கல், பெயர் இருப்பதில் இல்லை. அது எவரைக் கட்டுகிறது என்பதில் இருக்கிறது. அதே இங்கிலாந்து 1945இல் பிள்ளைகளைப் பதினொரு வகையாகப் பிரித்தது. 'கல்வியில் இயல்புக்குக் குறைந்தோர்' என்பது ஒரு வகை. அப்பெயர் தாங்கிய பள்ளிகளில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் அளவுக்கு மீறிக் குவிக்கப்படுவதை, கிரனடா நாட்டில் பிறந்து இலண்டனில் ஆசிரியராயிருந்த பெர்னார்டு கோர்டு 1971இல் ஒரு சிறு நூலால் அம்பலப்படுத்தினார். பிள்ளைகள் குறைந்தோராகப் பிறக்கவில்லை, குறைந்தோராக ஆக்கப்படுகின்றனர் என்பது அவர் வாதம். பெற்றோர் திரண்டனர், துணைப்பள்ளிகள் தோன்றின.

1978இல் மேரி வார்னாக்கு அம்மையாரின் குழு தன் அறிக்கையை அளித்தது. வகை வகையாகப் பிரிக்கும் முறையை விடுங்கள். பிள்ளை என்ன குறை உடையவன் என்று கேளாதீர், அவனுக்கு என்ன தேவை என்று கேளுங்கள் என்ற கருத்தை முன்வைத்தது. பள்ளி வாழ்வில் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒரு பிள்ளைக்குச் சிறப்புத் துணை வேண்டியிருக்கும் என்றது. 1981ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 'சிறப்புக் கல்வித் தேவை' என்னும் தொடர் இடம்பெற்றது.

குறை என்றால் அது பிள்ளையின் சொத்து. தேவை என்றால் அது பள்ளியின் கடன். ஒரு சொல் மாற்றம்தான். ஆனால் வழக்கில் பிரதிவாதி மாறிவிடுகிறார் பாருங்கள்!

எனினும் சொல் மாறினால் மட்டும் போதாது. 'மோரான்' போயிற்று, 'மனவளர்ச்சி குன்றியோர்' என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரையும் 2010இல் அமெரிக்கச் சட்டம் நீக்கிற்று. நல்லதே. ஆனால் மனப்பான்மை மாறாவிடில், இன்றைய மரியாதைச் சொல் நாளைய வசைச்சொல். மூட்டையின்மேல் சீட்டை மாற்றி ஒட்டினால் உள்ளிருக்கும் சரக்கு மாறிவிடுமா?

எனவே, ஒரு பிள்ளைக்குப் பெயர் சூட்ட எவர் முன்வரினும், ஆசிரியராயினும், மருத்துவராயினும், அரசாங்கமாயினும், சில கேள்விகளைக் கேட்போம். எந்த மொழியில் சோதித்தீர்? எத்தனை முறை, எத்தனை வழியில் சோதித்தீர்? இப்பெயரால் பிள்ளைக்கு நாளை காலை கிடைக்கப்போகும் உதவி யாது? மீண்டும் எப்போது பார்த்து, இதனை மாற்றவோ நீக்கவோ போகிறீர்? விடை இருந்தால், அது மருந்துச் சீட்டு, மனமுவந்து ஏற்போம். விடை இல்லையேல், அது வெறும் முத்திரை, மறுத்துரைப்போம்.

மக்கு யார்? எட்டு மாதக் குழந்தையின் பார்வையில் குறை கண்ட கண்ணா, சிறந்த மாணவர் பட்டியலில் பெயர் பெற்ற விவியனா? அறியாத மொழியில் கேட்டுவிட்டு விடை இல்லை என்று எழுதிய கையா, தன் மொழியில் கேட்டதும் வாய் திறந்த பிள்ளையா? வரலாறு விடை சொல்லிவிட்டது. வகுப்பறைகளும் அதனைச் சொல்லட்டும்!